சகலை வைத்த தட்டு

என் மனைவியின் தங்கையை மணந்தவர் சிதம்பரத்தில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். எனக்குச் சகலை முறை; வயதில் எட்டு ஆண்டு இளையவர். கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டவர். நான் கடலூரில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த வேறுபாட்டை ஒருபோதும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரியும் என்று நம்பியிருந்தேன். மாமனார் வீட்டுப் பந்திகளில் மூத்த மாப்பிள்ளை என்று முதல் இலை எனக்கே விழும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மதியம் சகலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஈரத் துண்டோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கையிலிருந்த தட்டை நேராகக் கொண்டுபோய் என் மனைவியின் முன் வைத்தார். தட்டில் ஒரு பர்கர்.

"அக்கா, மொதல்ல நீங்க. ஆறிடுச்சின்னா நல்லா இருக்காது."

"அவுருக்கு வைங்க மொதல்ல."

"அண்ணனுக்கு அடுத்தது வருது. நீங்க எடத்த வுட்டு எழுந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டன்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் உணவகம் பர்கருக்கு வேண்டியவற்றையெல்லாம் ஒரு பெட்டியில் அடைத்து விற்கிறது. பன், மசாலா சேர்த்துத் தட்டிய கோழிக்கறி வில்லைகள், சீஸ், சாஸ் பொட்டலம், கூடவே செய்முறைத் தாள். வீட்டில் சுட்டு அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். தன் கடைக்குச் சரக்கெடுக்க வந்தபோது சகலை அதை வாங்கிப் போனாராம். அந்த உணவகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

செய்முறைத் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அத எங்கண்ணே படிச்சன்? அந்த சாஸு ஒரே தித்திப்பு, தூக்கி அப்பால வச்சிட்டன். காலைல இட்லிக்கு வச்ச கொத்சு மீந்திருந்துச்சி. அதத் தடவிட்டன்."

"கத்திரிக்கா கொத்சுவா?"

"சிதம்பரத்துக்காரரு மாமா," என்று சிரித்தாள் மைத்துனி. "வுட்டா காபிக்கும் கொத்சு தொட்டுக்குவாரு."

என் மனைவி ஒரு கடி கடித்துக் கண்களை மூடினாள். "இந்த மாதிரி நான் சாப்புட்டதே இல்ல," என்றாள்.

எனக்கும் ஒன்று வந்தது. குறை காணும் எண்ணத்தோடுதான் உண்டேன். பன் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கொத்சு மணிக்கட்டு வரை வழிந்தது. ஆனால் நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் போயிருந்தால் அன்றைய பொழுது எனக்கு எளிதாகக் கழிந்திருக்கும்.

திரும்பும் பேருந்தில், ஆலப்பாக்கம் தாண்டும்போது, என் மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "ருசிய வுடுங்க. கல்யாணமாயி நாப்பத்தோரு வருஷத்துல சூடா ஒரு தட்டக் கொண்டாந்து ஒருத்தர் என் முன்னாடி வச்சது இன்னிக்கித்தான்."

பூ முழம் என்ன விலை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். நான் சவுக்குத் தோப்புகளைப் பார்த்தபடி வந்தேன். அவளுக்கு நான் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் அவள் ஒருமுறைகூடக் கண்களை மூடியதில்லை. இந்த மாதிரி சாப்பிட்டதே இல்லை என்று சகலை வீட்டில் சொன்ன அந்த வாக்கியத்தை அவள் என்னிடமும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். இந்த வயதில் அப்படியொரு விருப்பம் தகுமா என்று யோசித்துப் பார்த்தும் அது போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அந்த உணவகத்துக்குப் போனேன். பணம் வாங்கும் இடத்தில் இருந்தவர் என்னிடம் படித்தவர், எழுந்து நின்றுவிட்டார்.

"சார், நீங்களா? பேரப்புள்ளைங்க வந்திருக்காங்களா?"

"ஆமாம்," என்றேன். பேரக்குழந்தைகள் அன்று பெங்களூரில் பள்ளியில் இருந்தார்கள். இருவருக்கான பெட்டியை வாங்கித் துணிப்பைக்குள் வைத்து, மேலே நாளிதழை மடித்துச் செருகிக்கொண்டு வந்தேன்.

செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் மூன்று இலக்கணப் பிழைகள். பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். மனைவியைக் கூடத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி, உள்ளே வரக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன்.

"எண்ண எங்கருக்குன்னு தெரியுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு எடுத்தேன். கரண்டிக்கும் தட்டுக்கும் அவ்வாறே நேர்ந்தது.

"ஏங்க, தோசக்கல்லுல கறிய வச்சிடாதீங்க. அப்பறம் தோச எடுக்க வராது."

கல்லை இறக்கிவிட்டு வாணலியை ஏற்றினேன். ஒவ்வொரு பக்கமும் நான்கு நிமிடம் என்று தாளில் இருந்தது. தேர்வுக்கூடத்தில் நிற்பதுபோல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். சாஸை வட்டமாக, விளிம்பு தாண்டாமல் இட்டேன். முடிந்தபோது இரண்டும் பெட்டியின் மேலிருந்த படத்தைப் போலவே இருந்தன. சகலையின் பர்கர் சாய்ந்திருந்தது. என்னுடையவை நிமிர்ந்து நின்றன. அதை ஒரு கணம் நின்று பார்த்தேன்.

பிறகு கைகழுவித் துடைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"ஆச்சு. எடுத்துட்டு வா," என்றேன்.

அவள் எழுந்து போய்த் தட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்தில் நின்றாள். நான் சாப்பிட்டேன். பாதி தீர்ந்த பிறகு, காத்திருந்த வாக்கியத்தை எதிர்பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நான் எங்க சாப்புட்டன்? நீங்க சாப்புடுங்க, நான் அப்பறம் சாப்புட்டுக்கறன்."

கையில் இருந்ததைத் தட்டில் வைத்தேன். அவள் முகத்தில் குறை சொல்லும் பாவனையே இல்லை. என்ன நடந்தது என்பதை அவளும் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன்.

அப்போது சிதம்பரத்திலிருந்து அவள் தங்கை கைபேசியில் அழைத்தாள். என் மனைவி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என்னாக்கா சமையலு?"

"இன்னிக்கி நான் சமைக்கலடி. உங்க மாமாதான் பர்கரு பண்ணாரு."

"மாமாவா? நெசமாவா?"

"சூடா எடுத்தாந்து என் முன்னாடி வச்சி, நீதான் மொதல்ல சாப்புடணும்னு நின்னாரு."

கவனித்திருக்கிறாள். தங்கை வீட்டில் என் மதிப்பு குறையாதிருக்கப் பொய் சொன்னாள். அந்தப் பொய்யிலும் எனக்கென்று ஒன்று இல்லை; சகலை செய்ததை எடுத்து எனக்குப் போர்த்தியிருந்தாள்.

தங்கைக்குப் பின்னாலிருந்து சகலையின் குரல் கேட்டது. "அண்ணே, கொத்சு போட்டீங்களா?"

"தாள்ல இருக்கிறபடிதான் செஞ்சேன்," என்றேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து சமையலறைக்குப் போய் இன்னொரு தட்டை எடுத்துவந்து அவள் முன் வைத்தேன். சீஸ் இறுகியிருந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேச்சை முடித்துவிட்டு உட்கார்ந்தாள். நான் நின்றேன். தண்ணீரும் ஊற்றி வைத்தேன்.

ஒரு கடி கடித்து மெதுவாக மென்றாள். கண்கள் திறந்தே இருந்தன.

"கடையில வாங்குன மாதிரியே இருக்குங்க," என்றாள்.

வீட்டில் செய்த பண்டத்துக்கு அதைவிட உயர்ந்த பாராட்டு இல்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அவள் இன்னொரு கடி கடித்தாள்.

"காலைல அரச்ச காரச் சட்னி ஃப்ரிட்ஜில இருக்கும். கொஞ்சம் எடுத்தாறீங்களா?"

எந்தக் கிண்ணம் என்று கேட்காமல் மூன்று மூடிகளைத் திறந்து பார்த்து எடுத்துவந்தேன். அவள் பன்னைத் திறந்து, நான் வட்டமாக இட்ட சாஸின் மேலேயே சட்னியைத் தடவி மூடிச் சாப்பிட்டாள். தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. அது இன்னும் சிதம்பரத்தில், அவரிடமே இருக்கிறது.