சாம்பியனுக்கு நான் நின்ற பிணை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது ஒன்பது பேர். சீட்டை நடத்துகிற தாச்சி அக்கா, அவவின் புருஷன், சோலோதுர்னிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், பூம்ப்ளிஸில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை, எங்கள் ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டிய என் அறைத்தோழர், சட்டி கழுவிய மன்னார் ஐயா, கோப்பை கழுவிய நான். ஒன்பதாவது ஆள் எங்கள் செஃப்பின் மகள். இருபத்திரண்டு வயது. கட்டில் விளிம்பில் தேத்தண்ணிக் கோப்பையோடு எங்களோடு நெருக்கி இருந்தாள்.

லுசேர்ண் ஏரிக்கு மேலே மலையில் இருந்தது எங்கள் ஹோட்டல். வேலைக்காரருக்கான அறைகள் கூரைக்குக் கீழே. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இந்த நாட்டில் தங்கி வேலை செய்ய விடுகிற பி பெர்மிட் எனக்குக் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. கடிதம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.

சீட்டு இப்படி. பத்துப் பங்கு, பங்குக்கு மாதம் ஐந்நூறு பிராங். கடைக்கார அண்ணைக்கு மட்டும் இரண்டு பங்கு. மாதத்தின் முதல் ஞாயிறு சேருகிற ஐயாயிரமும் ஒரே ஆளின் கைக்குப் போகும். ஒக்டோபரில் முதற் சீட்டு தாச்சிக்கு. மிச்சத்துக்குத் துண்டு எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்த மாதம் என்று அன்றைக்கே எடுத்துவிடுவோம். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. புது ஆள் சேர்ந்தால் பழைய ஆள் ஒருவர் பிணை நிற்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

செஃப்பின் மகள் பனிச்சறுக்கு ஓட்டக்காரி. நாட்டு அணியில் இருந்தவள். முழங்காலில் ஒப்பரேஷன் செய்து ஒரு பனிக்காலம் ஓடாமல் விட, அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட வேண்டுமென்றால் இனி அவளே பயணத்துக்கும், தங்குவதற்கும், சறுக்குக் கட்டைக்கு மெழுகு பூசுகிறவனுக்கும் காசு கொடுக்க வேண்டும். வங்கி மறுத்துவிட்டது. இலையுதிர் காலத்தில் எங்கள் ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என் அறைத்தோழர் சீட்டுக் காசை எண்ணுவதைக் கண்டு, அது என்ன என்று கேட்டாள். அவர் தன் உடைந்த ஜெர்மனில், மேசையில் பத்து முட்டைக் கிண்ணங்களை வைத்து விளக்கினார்.

"வட்டி எவ்வளவு?" என்று கேட்டாள்.

"வட்டி இல்லை."

"எங்கே கையெழுத்துப் போடுவது?"

"போடுறேல்லை."

கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன்னையும் சேர்ப்பீர்களா என்று கேட்டாள்.

அப்படித்தான் அந்த ஞாயிறு அறைக்கு வந்திருந்தாள். தாச்சி அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தா.

"ஆர் பிணை?"

எல்லாரும் குனிந்து தங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்கள். எனக்கு அவளுடைய தகப்பனின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. நாளைக்கு விடிய அந்த மனிசனுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். மகளுக்குப் பிணை நிற்க ஆளில்லாமல் போனது என்று தெரிந்தால் என்ன நினைப்பார், என் வேலை நேரத்தை வெட்டுவாரோ, வேலை போனால் பெர்மிட் என்னவாகும். இந்தக் கணக்கு முழுவதும் ஓடி முடிவதற்குள் என் வாய் சொல்லிவிட்டது:

"நான் நிக்கிறன் அக்கா."

"தம்பி, யோசிச்சுத்தான் சொல்லுறியோ?"

"ஓம்."

யோசிக்கவில்லை. துண்டைக் குலுக்கினார்கள். அவளுக்கு நவம்பர் விழுந்தது. அறையில் ஒரு பெருமூச்சு. எனக்கு ஏப்ரலுக்குப் பிறகுதான். முன்னுக்குச் சீட்டை எடுத்த ஆள் கடைசி மாதம் வரைக்கும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டாவிட்டால் பிணை நின்றவன் கட்ட வேண்டும். நான் பனியில் வழுக்காமல் நடக்கவே தெரியாதவன்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொழும்பில் ஒரு லொட்ஜில் என் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் ஜனவரியில் சரிவந்தது. ஏப்ரல் முடிவதற்குள் வந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அவளுடைய டிக்கெட்டுக்கும் வந்த பிறகு வேண்டிய சாமானுக்கும் என்று இரண்டாயிரத்து இருநூறு பிராங் சேர்த்து வைத்திருந்தேன். அந்தக் காசைத் தவிர என்னிடம் வேறு காசில்லை.

நவம்பரில் அவள் ஐயாயிரத்தை வாங்கி, அதிலிருந்தே அந்த மாதத்தைக் கட்டினாள். ஒக்டோபரையும் டிசம்பரையும் ஹோட்டல் சம்பளத்தில் கட்டினாள். பிறகு ஓடப் போய்விட்டாள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் நாங்கள் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் பார்க்கப் பழகினோம். உலகக் கோப்பைப் போட்டி நடந்தால் குசினியில் ஒரு சட்டி சத்தம் கேட்காது. முதலாவதாக வருகிற பெண்ணுக்குக் கிடைக்கிற காசைச் செஃப் சொன்னபோது, என் அறைத்தோழர் கரட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"ஒரு நிமிசம் கீழ வழுக்கினதுக்கோ?"

"இரண்டு நிமிசம்," என்றார் மன்னார் ஐயா. "ரெண்டு ஓட்டம் ஓடுறாள், கண் தெரியேல்லையோ உனக்கு?"

செஃப்பின் மகள் அன்றைக்கு இருபத்து மூன்றாவது. அதற்கு எவ்வளவு என்று கேட்டேன். செஃப் வெங்காயக் கத்தியைத் துடைத்துக்கொண்டே, ஒன்றுமில்லை என்றார். முன்னுக்கு வருகிற சிலருக்குத்தான் பரிசுக் காசு. அதுகூடப் பெரிதில்லையாம். உண்மையான சம்பளம் சறுக்குக் கட்டை செய்கிற கொம்பனிதான் கொடுக்கும். அதனால்தான் ஓடி முடித்த கையோடு எல்லாரும் கட்டையைக் கழற்றி, பெயர் தெரிகிற மாதிரி முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிறார்கள். அதைவிடப் பெரிய காசு நெற்றியில். தொப்பியின் நெற்றிப் பக்கத்தில் எந்தக் கொம்பனியின் பெயர் இருக்கிறதோ, அந்தக் கொம்பனி கொடுக்கும். தன் மகளின் நெற்றி வெறும் நெற்றி என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வெங்காயத்துக்குப் போனார்.

இதைத் தாச்சி அக்காவுக்கு டெலிபோனில் சொன்னேன்.

"நாங்களும் பிறந்த நாள் துவக்கம் நெத்தியில திருநீறு பூசுறம். ஒருத்தரும் அஞ்சு சதம் தரேல்லை," என்றா. பிறகு குரல் மாறியது. "தம்பி, ஜனவரிச் சீட்டு வரேல்லை."

பெண் ஆஸ்திரியாவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு போட்டியில், கம்பு நட்டு வைத்திருக்கிற வாசல்களில் ஒன்றைத் தவறவிட்டாள், இன்னொன்றில் விழுந்தாள். டெலிபோன் எடுத்து அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டாள். ஜனவரிச் சீட்டை நான் கட்டினேன். பெப்ரவரியையும் நான் கட்டினேன். மார்ச் முதல் ஞாயிறு மூன்றாவது ஐந்நூறையும் அக்காவின் கையில் வைத்தேன். என்னிடம் மிஞ்சியது எழுநூறு பிராங். டிக்கெட்டின் விலை ஆயிரத்து நானூற்றைம்பது.

கடன்காரன் என்று வெளிநாட்டார் பொலிசுக்குத் தெரிந்தால் பெர்மிட்டைத் திருப்பி வாங்குவார்களோ என்று கூட யோசித்தேன். நானே யாருக்கும் கடன்படவில்லை என்பது இடையிலே மறந்துவிடும்.

மனைவிக்கு மறைக்க முடியவில்லை. டெலிபோன் பெட்டிக்குள் நின்று எல்லாம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, எனக்கு ஒருக்கால் விளங்கச் சொல்லுங்கோ. அங்க ஒரு வெள்ளைக்காரப் பெட்டை மலையில இருந்து வழுக்குறாள். அவளுக்கு நீங்கள் பிணையோ?"

"அவள் கெட்டிக்காரி. அணியில இருந்தவள்."

"இப்ப அணியில இருக்கிறாளோ?"

"இல்லை."

"நான் இஞ்ச லொட்ஜ்காரியிட்ட நாளைக்குப் போறன், நாளைக்குப் போறன் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறன். அவள் என்னையும் உங்களையும் பார்த்துச் சிரிக்கிறாள்." பிறகு, "அந்தப் பெட்டை விழுந்தவளெண்டு சொன்னீங்கள். காயமோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். "அது போதும்," என்று வைத்துவிட்டாள்.

மார்ச் கடைசியில் நாட்டுச் சாம்பியன் போட்டி. எங்களிடமிருந்து ரயிலில் போகக்கூடிய ஒரு மலைக்கிராமத்தில். தாச்சி அக்கா தானும் வாறன் என்றா.

"காசு அண்டைக்கே குடுப்பினம்தானே? முடிவுக் கோட்டிலேயே நிண்டு வாங்கிப்போட வேணும். வீட்டை கொண்டுபோனால் சிலவழிஞ்சுபோம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரில் மாட்டு வண்டிச் சவாரி முடிந்தால் அந்த இடத்திலேயே பரிசைக் கொடுப்பார்கள். இங்கே வேறு மாதிரி இருக்குமென்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அக்கா சேலைக்கு மேலே புருஷனின் குளிர் ஜக்கெட்டைப் போட்டு, கைப்பையில் ஒரு பெரிய வெறும் கவரை வைத்துக்கொண்டு வந்தா. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்து வேலியில் சாய்ந்து நின்றோம். செஃப் எங்களுக்குப் பக்கத்தில் நின்றார்; ஆனால் மலையைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்தார். அந்த மனிசனும் என்னை மாதிரிப் பயந்த ஆள் என்று அப்போதுதான் கண்டேன்.

முதல் ஓட்டத்தில் அவள் ஆறாவது. இரண்டு ஓட்டத்தின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. இரண்டாவது ஓட்டத்துக்கு அவள் மேலே புறப்பட்டதும் அக்கா கத்தத் தொடங்கினா.

"விழுந்திடாதை பிள்ளை! மெல்லமா வா! மெல்லமா!"

"அக்கா, மெல்ல வந்தால் தோத்துப்போவாள்."

"அப்ப கெதியா வா! விழாமல் கெதியா வா!"

நடுவில் ஒரு வாசலில் அவளுடைய உள்பக்கக் கட்டை பனியை விட்டு எழும்பியது. கை பனியைத் தொட்டது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அவள் கோட்டைத் தாண்டியிருந்தாள்; பலகையில் அவளுடைய பெயருக்கு நேரே ஒன்று என்று நின்றது. முதல் ஓட்டத்தில் அவளை முந்திய ஐந்து பேர்தான் கடைசியாக ஓட மேலே இருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒவ்வொருத்தி வரும்போதும் அக்கா, "கடவுளே, அந்தப் பிள்ளைக்கும் ஒண்டும் நடக்கக்கூடாது, ஆனால் கொஞ்சம் பிந்தி வரட்டும்," என்று வாய்விட்டுக் கும்பிட்டா. ஐந்து பேரும் பிந்தித்தான் வந்தார்கள். செஃப் குந்தியிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் சாம்பியன்.

பரிசைக் கொடுத்தார்கள். மாட்டின் கழுத்தில் கட்டுகிற பெரிய மணி ஒன்று. ஒரு முழுச் சீஸ். உள்ளூர் வங்கியின் கவர் ஒன்று. அதற்குள் எண்ணூறு பிராங்.

"எண்ணூறோ?" என்றா அக்கா. "நாடு முழுக்க வெண்டதுக்கு எண்ணூறோ? எங்கட சீட்டு இதைவிடப் பெரிசு!"

அவள் மணியையும் சீஸையும் தகப்பனிடம் கொடுத்துவிட்டு நேரே எங்களிடம் வந்தாள். உதடு குளிரில் நீலம். கவரைத் திறக்காமல் அப்படியே என் கையில் வைத்தாள். நான் வாங்கப் பயந்தேன். ஏப்ரல் சீட்டுக்கு இன்னும் ஒரு கிழமைதான். முறைப்படி அந்தக் காசில் ஐந்நூறு அக்காவுக்குப் போக வேண்டும். மிஞ்சும் முந்நூறால் என் டிக்கெட்டுக்கு ஒன்றும் நடக்காது. நான் கவரை அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா என் கையைத் தள்ளிவிட்டா.

"ஏப்ரலை நான் போடுறன். நீ திங்கக்கிழமை போய்ப் பெண்சாதிக்கு டிக்கெட்டை எடு."

"அக்கா, மற்றாக்களின்ர சீட்டைத் தாச்சி போடுறேல்லையே, அது முறையில்லை."

"முறை வைச்சது ஆர்? நான். பேசாமல் எடு."

அப்போது கட்டைக் கொம்பனியின் ஜக்கெட் போட்ட ஒரு மனிதர் வந்து, அவளோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் தள்ளி நின்று கனநேரம் கதைத்தார்கள். திரும்பி வந்து சொன்னாள்: அடுத்த பனிக்காலத்துக்கு அவளோடு ஒப்பந்தம் எழுதப்போகிறார்கள், முதற் காசு ஜூலையில் வரும், பனிச்சறுக்குச் சங்கமும் அவளைத் திரும்ப நாட்டு அணிக்கு எடுக்கும். நெற்றிக்கு இன்னும் ஆள் வரவில்லை. "வரும்," என்றாள். அதைச் சொன்னபோது எனக்கே நம்பிக்கை வந்தது. எனக்கு அப்படி வருவது குறைவு.

திங்கட்கிழமை டிக்கெட் எடுத்தேன். ஏப்ரல் மூன்றாம் கிழமை சூரிச் விமான நிலையத்தில் மனைவி வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். லுசேர்ணுக்குப் போகிற ரயிலில் என் ஜக்கெட்டைப் போர்த்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மலை தெரியத் தொடங்கியதும் திரும்பினாள்.

"இதிலயிருந்தோ அவள் வழுக்குறவள்?"

"இதைவிட உயரம்."

"அம்மாடி." ஜக்கெட்டை இன்னும் இறுக்கிப் போர்த்தாள். "உண்மையைச் சொல்லுங்கோ. அவள் இன்னும் எவ்வளவு தரவேணும்?"

விரலில் எண்ணிச் சொன்னேன். எனக்கு எழுநூறு. அக்கா போட்ட ஏப்ரல் ஐந்நூறு. மே, ஜூன், ஜூலை என்று இனிக் கட்ட வேண்டிய சீட்டு மூன்று. அது ஆயிரத்து ஐந்நூறு.

"அப்ப மே மாதம் அவள் கட்டாட்டி?"

"நான்தான் கட்ட வேணும்."

"பயமில்லையோ?"

"இருக்கு. ஆனால் கட்டுவாள்."

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, எல்லாத்தையும் கூட்டிச் சொல்லுங்கோ."

"இரண்டாயிரத்து எழுநூறு பிராங்."