எலிவேற்றர் எப்ப வரும்?

சுர்தோ என்ற அந்தப் பிரேசில் மேளம் அண்டா அளவிருக்கும். அடித்தால் நெஞ்சுக்குள் இடிக்கும். அதை வாசித்தவர் என் அக்கா. படிக்கட்டில் சுமந்தவன் நான். சென் ஜேம்ஸ் ரவுணில் அக்கா குடியிருந்த கட்டடத்தில் எலிவேற்றர் இரண்டும் மாறி மாறிப் படுத்துவிடும். அக்காவின் வீடோ பதினோராம் மாடி.

மேளக் குழுவை நடத்திய பிரேசில்காரரும் அதே கட்டடத்தில்தான் இருந்தார். எங்கள் ஆட்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். தங்கள் ஊரில் தண்ணீர் வராவிட்டாலும் வீட்டை இடிக்க வந்தாலும் தெருவில் மேளத்தோடு நின்றுதான் கேட்பார்கள் என்று அவர் சொல்வார். சொல்லிக்கொண்டே இருப்பார். ஒத்திகைக்கு மட்டும் ஒருநாளும் நேரத்துக்கு வரமாட்டார். வந்தபின் "எலிவேற்றர் எப்ப வரும்?" என்ற ஒற்றை வரியை, கட்டடத்தில் உள்ள அத்தனை மொழிகளிலும் கேட்டு வாங்கி, தாளத்துக்குள் அடக்கும்வரை எங்களை விடமாட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அக்காவின் கணவர், என் அத்தானுக்கு, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எலிவேற்றர் நின்ற நாட்களில் அவரைக் கதிரையில் வைத்து இரண்டு பேர் இறக்குவோம். ஒருநாள் இறக்க ஆள் கிடைக்காமல் சிகிச்சையே தவறி, நெஞ்சில் நீர் கோத்து, அம்புலன்ஸில்தான் போனார். வழக்கறிஞரைப் பார்ப்போம் என்றேன். மாஸ்டர் தாளத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் கட்டட மனேஜர் தன் கோடை விருந்தில் வாசிக்கக் கூப்பிட்டார். மாஸ்டர் உடனே சம்மதித்தார்.

"ரோசமில்லாத மனுசன்! உவருக்குச் சோறு போட்டது என்ர பிழை," என்று அக்கா கத்தினார். ஆனாலும் மேளத்தைத் தூக்கச் சொன்னார்.

விருந்துக்கும் மாஸ்டர் பிந்தித்தான் வந்தார். துள்ளலான தாளம். மனேஜர் தான் அழைத்த மாநகரசபை உறுப்பினருக்குப் பக்கத்தில் நின்று இடுப்பை ஆட்டினார். திடீரென்று மாஸ்டர் கையை உயர்த்த, எல்லா மேளமும் நின்றது. அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. சுர்தோவை ஓங்கி அடித்து, "எலிவேற்றர் எப்ப வரும்?" என்றார். அடுத்த அடிக்கு இன்னொரு மொழி. பிறகு இன்னொன்று. விளங்காத மனேஜர் கைதட்டிக்கொண்டே இருந்தார். ஆங்கிலம் வந்தபோதுதான் கை நின்றது. உறுப்பினர் அவர் பக்கம் திரும்பி, அதே கேள்வியைத் தானும் கேட்டார்.

"எனக்கொரு சொல் சொல்லியிருக்கலாமே?" என்று மாஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். "உனக்குச் சொன்னால் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் கட்டடத்துக்கே தெரியும்," என்றார். உண்மைதான். அதனால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பனிக்கு முன் ஒரு எலிவேற்றரைப் புதிதாகப் போட்டார்கள். மற்றது இன்றும் நினைத்தால்தான் ஓடும். மாஸ்டர் இப்போது நகரின் இன்னொரு மூலையில், ரெக்ஸ்டேலில், ஹீற்றர் வேலை செய்யாத ஒரு கட்டடத்துக்காக மேளம் அடிக்கிறார். போன் எடுத்தால் வருகிறேன் என்பார், வரமாட்டார். அவரோடு எனக்கு இன்னும் சரிவரவில்லை.

ஆனால் புது எலிவேற்றர் ஓடத் தொடங்கிய அன்று அத்தான் சட்டை மாற்றி, தலை வாரி, தனியே கதவைத் திறந்தார். அன்று டயாலிசிஸ் இல்லை.

"எங்க அத்தான் வெளிக்கிட்டியள்?" என்றேன்.

"ஒரு இடமும் இல்லை. சும்மா கீழ போயிட்டு வாறன்."