எண்ணுவதற்கு மட்டும் நாங்கள்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் வேலை முடிந்தபின் மாலைப் பள்ளிக்குப் போய், விட்டுப்போன படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலித்துவிட்டது. வரலாற்று வகுப்பில் நான் பேச வேண்டியிருந்த தலைப்பு, புதிதாக உருவான அமெரிக்காவில் அடிமைகளும் ஆட்சிமன்ற ஆசனங்களும்.

மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி ஆசனம் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள் என்று வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழு மனிதராக எண்ணியிருக்க வேண்டும் என்று வகுப்பில் பொரிந்து தள்ளினேன். ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முழுதாக எண்ணியிருந்தால் யாருக்கு லாபம்?" என்றார். பாடத்தை மறுபடி புரட்டினேன். அடிமைக்கு வாக்கில்லை. அவன் தலையைக் காட்டி எசமானின் மாநிலம் கூடுதல் ஆசனம் எடுத்தது. அந்த ஆசனத்தில் இருந்துகொண்டே அவன் விலங்கை இறுக்கினார்கள். முழுதாக எண்ணச் சொன்னதே எசமான்களின் பக்கம்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எங்கள் தமிழ்ச் சங்கம்தான் நினைவில் நின்றது. சங்கங்களெல்லாம் சேர்ந்த நாடளாவிய பேரவையில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஆட்தொகைப்படி இடம் கிடைக்கும். அதற்குப் பெண்களான எங்களையும் எண்ணுவார்கள். சங்கக் கூட்டத்திலோ வீட்டுக்கு ஒரு வாக்கு, அதைப் போடுவது ஆண். நாங்கள் பின்னால் சமையலறையில் வடை சுடுவோம். சவுக்கடி பட்டு, பிள்ளைகளையும் விற்பனைக்குப் பறிகொடுத்தவர்களோடு எங்களை ஒப்பிட எனக்கு வாய் கூசும். ஆனாலும் கணக்கின் தந்திரம் ஒன்றுதான். இனிமேல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் எண்ணெய்க் கையோடு மண்டபத்துக்குள் போய் நின்றேன்.

"அண்ணை, எனக்கு வாக்கு வேணும்."

தலைவர் சிரித்தார். "உங்கட வீட்டு வாக்கை அவர் போடுறார்தானே, தங்கச்சி."

"அப்ப என்னை எண்ணாதேங்கோ. பேரவைக்குக் குடுக்கிற தொகையில இருந்து கழியுங்கோ."

சிரிப்பு நின்றது. "அது ஏலாது. ஆள் குறைஞ்சால் எங்களுக்கு இடம் போயிடும்."

"ஓம், தெரியும்."

"என்னையும் கழியுங்கோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. சமையலறையில் நின்ற பெண்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். என் கணவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் உட்காரவில்லை.

தலைவர் நிர்வாகத்தினரோடு குசுகுசுத்துவிட்டு நிமிர்ந்தார். "சரி, பொம்பிளையளுக்கு வாக்குக் குடுக்கிறதோ எண்டு வாக்கெடுப்பம். சம்மதமான ஆம்பிளையள் கையை உயர்த்துங்கோ."

முதலில் உயர்ந்தது என் கை. பின்னால் நின்றவர்களும் உயர்த்தினார்கள்.

"எண்ணுங்கோ, அண்ணை" என்றேன்.