ஏழாம் கட்டத்துச் சீட்டு

என் வீட்டுக்காரர் கையில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதைச் சோதிடத்துக்குள் இழுத்துவிடுவார். மாத்தளைப் பக்கம் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் டீமேக்கர். பகலெல்லாம் தொழிற்சாலையில் தேயிலையின் பதத்தை மூக்கை வைத்தே சொல்லுகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் அதே மூக்கைப் பஞ்சாங்கத்தில் நுழைத்துக்கொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். பக்கத்துக் குவாட்டர்ஸ்களில் மற்றப் புருஷன்மார் மாலையில் எதில் மூக்கை நுழைக்கிறார்கள் என்று பார்த்தபின் பஞ்சாங்கம் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

அப்படிப்பட்டவரிடம்தான் பெரிய பங்களாவின் படச்சீட்டுக் கட்டு வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். எங்கள் துரைசானி போகும்போது வேண்டாத சாமான்களைப் பங்களாச் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இந்தக் கட்டும் இருந்தது. அந்த அம்மா இதை மேசையில் பரப்பி நல்லது கெட்டது பார்ப்பாராம். எலும்புக்கூடு ஒன்று அரிவாளோடு நிற்கும் சீட்டைக் கண்டு பயந்துபோன சமையல்காரர், "ஒங்களுக்குத்தாங்க ஐயா இதெல்லாம் வெளங்கும்" என்று இவர் தலையில் கட்டிவிட்டார்.

சீட்டின் கீழே எழுதியிருந்தது இங்கிலீசு எழுத்துத்தான். ஆனால் இங்கிலீசு இல்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது இவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. கட்டில் பாதிக்கு மேல் கோப்பையும் தடியும் வாளும் காசுமாக இருந்தன. அவையெல்லாம் வெறும் விளையாட்டுச் சீட்டு என்று ஒதுக்கினார். நல்ல படமாக இருபத்திரண்டு மிஞ்சியது. அதை எண்ணிப் பார்த்தவர் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ராசி பன்னெண்டு, கிரகம் ஒம்பது, லக்கினம் ஒண்ணு. இருவத்திரெண்டு! பாத்தியா?"

பார்த்தேன். எனக்கே கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் இதே வேலை. சூரியனும் சந்திரனும் படத்திலேயே இருந்தார்கள். இடி விழுந்து சரிகிற கோபுரம் செவ்வாய். மேசையில் சாமான் பரப்பி வித்தை காட்டுகிற வாய்க்காரன் புதன். அப்படி ஒருவனை மாத்தளைக் கடைவீதியில் எந்த நாளும் காணலாம். ஆசீர்வாதம் செய்யும் பாதிரியார் குரு. கிரீடம் வைத்த அம்மாள் சுக்கிரன். லாந்தரைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடக்கும் கிழவனைச் சனி என்று நானே சொல்லிவிட்டேன். கொம்பு முளைத்த பேய் ராகு. தராசும் சிங்கமும் குடமும் ராசிப் பக்கம் தாமாகவே போய்ச் சேர்ந்தன. ரிஷபத்துக்குத்தான் மாடு கிடைக்காமல் தவித்தார். ஒரு சீட்டின் மூலையில் சின்னதாய் ஒரு மாட்டுத் தலையைக் கண்டுபிடித்த அன்று கோழி வாங்கிவரச் சொன்னார். தோளில் மூட்டையோடு எங்கேயோ பார்த்துக்கொண்டு நடக்கிற ஊர்சுற்றி, லக்கினம். சாதகக்காரன் என்பவன் அவன்தானாம்.

கடைசியாக நின்றது ஒரு காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்குகிற மனிதன். கேதுதான் பாக்கி என்பதால் அவன் கேது ஆனான். தொங்கினாலும் அவன் முகத்தில் வலியே இல்லை. ஞானம் தருகிற கிரகம் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்றார்.

சீட்டைக் கலைத்தால் சில தலைகீழாக வருமே, அதற்கு என்ன பொருள் என்றும் யோசித்தார். வக்கிரம் என்று முடிவு கட்டினார். கிரகம் பின்னோக்கிப் போகிறது என்று அர்த்தம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்கிரம் கிடையாது. ஆகவே அந்த இரண்டும் தலைகீழாக வந்தால் நிமிர்த்தி வைத்துவிட வேண்டும் என்று சட்டமும் போட்டார்.

இதுவரைக்கும் விளையாட்டுத்தான். அதன் பிறகுதான் இவருடைய தங்கைக்கு வரன் வந்தது.

என் நாத்தனார் எங்களோடுதான் இருந்தாள். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் தட்டிக்கொண்டே போயிற்று. காரணம், அவளுக்குச் சாதகம் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவில் பிறந்தவள். பிறந்த நேரம் என்று தாய் சொல்லிவிட்டுப் போனது, காலைப் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படித்த பிறகு, மழை விடுவதற்கு முன்னால் என்பதுதான். எங்கள் ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து மழை எப்போது விட்டது, அதை வைத்து நேரம் கணிக்க? இந்த முறை மாப்பிள்ளை பல்லேபொலப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. மாத்தளை மாரியம்மன் தேரன்று ஒருவரையொருவர் பார்த்திருந்தார்கள். "அவரு மொகத்துல ஒரு அமைதி இருக்கு அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரே நிபந்தனை. "நேரம் தெரியாட்டிப் போவுது. எதையாவது வச்சுப் பாத்துச் சொல்லுங்க. பாக்காம மட்டும் வேணாம்" என்றாராம். இவர் சீட்டை வைத்துப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பன்னிரண்டு கட்டம் போட்டார். தங்கையை எதிரில் உட்காரவைத்தார். நான் இவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். ராசிச் சீட்டுகளைக் கவிழ்த்து ஒன்றை எடுக்கச் சொன்னார், சிம்மம் வந்தது. அதுதான் லக்கினம். அப்புறம் கிரகச் சீட்டுகளைக் கலைத்துக் கவிழ்த்துக் கொடுத்து, கை போன கட்டத்தில் வைக்கச் சொன்னார். கேதுவுக்கு நேரெதிரே வைக்கவேண்டும் என்று ராகுவை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பினார். புதன் சூரியனை விட்டு வெகுதூரம் போய்க் கிடந்தது. வானத்தில் அப்படி நடக்காதென்று அவருக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை. புருஷனைக் காட்டுகிற களத்திர ஸ்தானமான ஏழாம் கட்டத்துச் சீட்டைத் திருப்பினார். தொங்குகிறவன்.

அவர் முகம் செத்துவிட்டது.

"வேணாம்" என்றார். "சரிவராது."

"மாப்பிள்ளையோட சாதகத்துலயும் ஏழுல கேதுதானே? சரிக்குச் சரி, பொருந்துதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றேன்.

"சாதகம் பொருந்துது. ஆனா படத்தப் பாரு. ஒரு பொம்பளப் புள்ளயோட ஏழாம் எடத்துல ஒருத்தன் கயித்துல தொங்குறான். எப்பிடி நான் சரின்னு சொல்றது?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் பெரிய தொந்தரவு. எதிரில் அவள் தலை நிமிராமல் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் இந்த வீட்டில் கிரகங்களோடு குடித்தனம் நடத்தியதற்கு ஒரு பலன் வேண்டாமா?

"கேது எப்பவும் எப்பிடிப் போகும்?" என்று கேட்டேன்.

"வக்கிரமா. ராகுவும் கேதுவும் எப்பவுமே வக்கிரந்தான்."

"வக்கிரம்னா சீட்டு எப்பிடி இருக்கணும்?"

"தலகீழா."

"சூரியன் தலகீழா வந்தா நிமித்தி வைக்கிறீங்க. கேதுவுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லையா?" குனிந்து சீட்டை மேல்கீழாகத் திருப்பி வைத்தேன். தொங்கிக்கொண்டிருந்தவன் இப்போது ஒரு காலை ஊன்றி, மறு காலை மடித்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கிட்டத்தட்ட ஆடுகிற மாதிரி. முகத்தில் அதே அமைதி.

கிட்டக் குனிந்து பார்த்தார். "நிக்கிறான்" என்றார். அடுத்த ஞாயிறு பல்லேபொலைக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அன்னைக்கு நான் மட்டும் அந்தச் சீட்டத் திருப்பாட்டி, நீ இன்னும் தரையப் பாத்து அழுதுக்கிட்டுத்தான் இருப்ப" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நான் அழுவல அண்ணி. அவரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு மொதல்லேருந்தே அவரு நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு. நீங்க திருப்பினதுக்கு அப்பறந்தான் தொங்கிட்டாரு."

ஆமாம், அவள் எதிர்ப்பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி, அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"என் பக்கத்துலேருந்து எப்பிடித் தெரியுதுன்னு, நீங்க ரெண்டு பேருல யாரு அண்ணி என்னயக் கேட்டீங்க?"