ஞாயிற்றுக்கிழமை வீடுகள்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தபோது எங்களுக்குக் கலியாணமாகி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பேசிச் செய்த கலியாணம். கொழும்பில் எஞ்சினியராக இருந்த என் கணவருக்கு இங்கே ஒரு நகரசபைக் கந்தோரில் படவரைஞர் வேலைதான் கிடைத்தது. ஓக்லியில், ரயில் பாதையோரம் ஒற்றை அறை பிளாட் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். காலையில் அவர் போய்விட்டால் மாலைவரை நானும் ரயில்களும்தான். அவர் வந்ததும் இருவரும் மிகுந்த மரியாதையோடு சாப்பிடுவோம்.

“உப்புக் காணுமோ, இன்னும் போடட்டோ?” என்று நான் கேட்பேன்.

“ஓம், காணும்” என்பார்.

அதற்குமேல் பேச்சை எங்கே கொண்டுபோவதென்று இருவருக்கும் தெரியாது.

அந்தக் காலத்து மெல்பேர்ணில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டதுபோலக் கிடக்கும். அகலமான தெருக்களில் வெயில் மட்டும் நடந்து திரியும். எங்காவது ஒரு புல்வெட்டும் இயந்திரம் நெடுநேரம் இரைந்துவிட்டு ஓயும். அவர் ஒரு பழைய கார் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போவோம். த பேசின் என்ற மலையடிவார ஊரில், பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி, யூக்கலிப்டஸ் மரங்களுக்குமேல் நிற்கும் நீல நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

அப்படித் திரும்பிய ஒருநாள், மாடுகள் மேயும் வெளியொன்றின் நடுவே வண்ணக் கொடிகள் பறப்பதைக் கண்டோம். புதிதாகப் போட்ட தார் ரோட்டின் இருபுறமும் ஐந்தாறு புது வீடுகள். ரோடு அவற்றைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய்ப் புல்லுக்குள் முடிந்தது. வாசலில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று பலகை.

“வாங்கப் போறமெண்டு நினைப்பினமே?” என்று கேட்டேன்.

“பாக்கிறதுக்குக் காசு கேக்கமாட்டினம்தானே. வாரும், ஒருக்கா பாத்திட்டுப் போவம்.”

அவை காட்டுவதற்கென்றே கட்டிய வீடுகள். கட்டிலில் விரிப்பு, மேசையில் மெழுகுப் பழங்கள், சுவரில் யாரோ ஒருவரின் கடல் ஓவியம், எல்லாம் இருந்தன. குழாயில் தண்ணீர் இல்லை. குசினி முழுவதும் செம்மஞ்சள். அதில் ஒருநாளும் வெங்காயம் வதங்கியதில்லை. தரைக்கம்பளம் கணுக்கால்வரை வந்தது. புது மரத்தின் வாசனையைத் தவிர வேறு வாசனை கிடையாது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் நடப்பதுபோல அறை அறையாக நடந்தேன்.

முன்னறையில் பெரிய யன்னலோரம் ஒரு கதிரை இருந்தது.

“இதில ஆர் இருக்கிறது?” என்று சும்மா கேட்டேன்.

அவர் யோசித்தார். “நான்தான். விடிய எழும்பி, ஒருதரும் கதைக்க முதல், ஒரு மணித்தியாலம் வெளியில பாத்துக்கொண்டு இருக்கவேணும் எனக்கு.”

பிளாட்டில் விடிய எழும்பியதுமே தேத்தண்ணீரோடு போய் அவரிடம் எதையாவது கேட்டுப் பேச்சுக் கொடுக்கப் பார்த்தவள் நான். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

“அப்ப நீர் எங்க இருப்பீர்?” என்று அவர் கேட்டார்.

நான் குசினி வாசற்படியைக் காட்டினேன். அங்கிருந்தால் அடுப்பும் தெரியும், வெளியும் தெரியும். சின்ன வயதிலிருந்தே முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தால் எனக்குப் பிடிக்காது என்றேன். பிளாட்டில் என் கதிரை எப்போதும் வாசலுக்கு முதுகுகாட்டித்தான் போட்டிருந்தது. அன்று மாலை அதை அவர் திருப்பிப் போட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனோம். கிழக்குப் பக்கம் எங்கே கொடி பறந்தாலும் எங்கள் கார் நின்றது. ஆருக்கு எந்த அறை, வரப்போகும் விருந்தினர் எங்கே படுப்பது, சாமிப்படம் எந்தச் சுவரில், மழை பெய்தால் உடுப்பு எங்கே காயும். அந்த வீடுகளுக்குள் நின்றுதான் நாங்கள் கதைக்கப் பழகினோம். அவருக்கு இடி முழக்கம் பயம் என்பது ஒரு தகரக் கூரை வீட்டில் எனக்குத் தெரியவந்தது. நான் பாடசாலைக் காலத்தில் பாடியவள் என்று இன்னொரு வீட்டின் நீண்ட நடையோடையில் வைத்து அவருக்குச் சொன்னேன்.

மாடுகள் மேய்ந்த வெளியின் அந்த முதல் வீட்டுக்குத்தான் அடிக்கடி திரும்பிப் போனோம். அங்கே கடுகு நிறக் காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடு காட்டும் வேலைக்கு நின்றாள். வீட்டு விலையை முதல்நாள் மட்டும் சொன்னாள். பிறகு எங்களைக் கண்டால் கை காட்டிவிட்டுத் தன் தேநீரைக் குடிப்பாள்.

அடுத்த மார்கழியில், இங்கே கோடை தொடங்கியபோது, எனக்கு ஏழு மாதம். வெக்கையிலும் ரயில் சத்தத்திலும் பல நாட்களாக நித்திரையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய படுக்கையறையில் திரை பாதி இழுத்திருந்தது. அவர் பின்வளவில் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பு வலிக்கிறதே, ஒரு நிமிடம் என்று கட்டில் ஓரத்தில் இருந்தேன். பிறகு சாய்ந்தேன். தலையணை உறைக்குள் இருந்தது வெறும் அட்டை. அதை நகர்த்திவிட்டுக் கையை மடித்து வைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

கனவில் அந்த வீட்டுக் குழாய்களிலெல்லாம் தண்ணீர் வந்தது. யாரோ குசினியில் கடுகு தாளித்தார்கள். பின்வாசலால் மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, கம்பளத்தில் சத்தமில்லாமல் நடந்து, முன்வாசலால் போயின. எனக்கு அதில் ஒரு வியப்பும் இருக்கவில்லை.

கண் விழித்தபோது சுவரில் வெயில் மஞ்சளாகியிருந்தது. என்மேல் யாரோ ஒரு மெல்லிய போர்வை போட்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. வெளியே காலடிச் சத்தமும் ஒரு பிள்ளையின் குரலும் கேட்டன. அதோடு என் கணவரின் குரல். கந்தோரில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தயங்குகிறவர், ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில், யாருக்கோ உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: மன்னிக்கவேண்டும், இந்த அறையை இப்போது பார்க்க முடியாது, என் மனைவி உறங்குகிறாள்.

அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது. நான் உடனே எழும்பவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். ‘என் மனைவி’ என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

வெளியே வந்தபோது வெட்கத்தில் முகம் எரிந்தது. வேலை செய்யும் இடத்தில் இப்படிச் செய்துவிட்டேனே என்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். இந்த வீட்டில் நன்றாக நித்திரை வரும் என்று இனிமேல் துணிந்து சொல்லலாம் என்றாள்.

காரில் கேட்டேன், “எவ்வளவு நேரம் அதில நிண்டனீங்கள்?”

“தெரியேல்லை. கால் மட்டும் நோகுது.”

“எழுப்பியிருக்கலாமே?”

“அங்க வேலைக்கு நிக்கிற பொம்பிளை எழுப்பட்டோ எண்டு கேட்டவ. நான்தான் வேண்டாமெண்டனான்.”

மாசி மாதம் மகள் பிறந்தாள். காரில் ஏற்றினாலே அழுவாள். எங்கள் ஞாயிற்றுப் பயணங்கள் அதோடு நின்றன. மாடுகள் நின்ற வெளி முழுவதும் வீடாகிப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். இரண்டு வருடம் கழித்து நாங்கள் வாங்கியது நகரின் இன்னொரு பக்கத்தில் ஒரு பழைய பலகை வீடு. நடந்தால் தரை முனகும். விற்றவர்கள் இரண்டு தெரு தள்ளித்தான் குடிபோயிருந்தார்கள். அவர்களுடைய கிழட்டு நாய் பல வாரங்களாக மாலையானால் திரும்பி வந்து எங்கள் விறாந்தையில் படுத்துக்கொள்ளும். அவர் அதற்கு ஒரு சாக்கு விரித்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்தார். இருட்டியதும் வீட்டை விற்ற பெரியவர் வந்து, எங்களோடு கொஞ்ச நேரம் நின்று கதைத்துவிட்டு, அதைக் கூட்டிக்கொண்டு போவார்.