எரிக்கிறோம் என்று சொல்பவள்

கோழிப் பண்ணைக்குள் நுழைந்ததும் சௌந்தர்யா கூண்டுகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி எருவை அள்ளுவாள். இறுக்கிப் பிடிப்பாள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் முகம் சுளிப்பாள். ஈரம் அளக்கும் கருவி தோள்பையில்தான் இருக்கும், அதை எடுப்பது கைக்கு அப்புறம்தான். "கருவி பொய் சொல்லாதுங்க, ஆனா லேட்டாச் சொல்லும்" என்பாள். கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் கழுவுவாள். பண்ணைக்காரர்கள் சிரிப்பார்கள். "அம்மிணி, சோத்துக் கையிங்க அது!"

அவள் கொதிகலன் பொறியாளர். கோழி எருவை உலையில் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்கு மூன்று வருடமாக வரைபடம் போடுகிறாள். இடம், அவள் பிறந்த மல்லசமுத்திரத்துப் பக்கம். மழை பெய்துவிட்டால் இங்கே தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், அவ்வளவு ஈ. நிலையம் வந்தால் எரு குவியாது, ஈ குறையும் என்று நம்புகிறாள். கிராம சபை வேண்டாம் என்றால் அவள் வேலை பார்க்கும் நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

பேச்சு குறைவு. தேநீரை ஆறவிட்டு, ஆடை படிந்த பிறகே குடிப்பாள். போனில் யாருக்கும் செல்லப்பெயர் கிடையாது: 'சித்ரா, பெரியப்பா மருமகள்.'

அப்பா சின்னுசாமி போன தையில் இறந்தார். கணையத்தில் புற்று. வீட்டில் எல்லோரும் அவரிடம் "வயித்துப் புண்ணு" என்றார்கள். ஸ்கேன் அறிக்கையின் ஆங்கிலத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் அப்படியே சொன்னாள். கடைசி வாரத்தில் அவர் கேட்டார்: "ஊருக்கே தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் நோவோட பேரு சொல்ல மாட்டியா, சாமி?" அவள் தலையணையைச் சரிசெய்தாள்.

கிராம சபைக்கு முன்தினம் நிறுவனத்து மேலாளர் தனசேகர் ஒரு பதாகையோடு வந்தார். பச்சை இலை, நடுவில் 'பசுமைச் சுடர்'. எரு என்றோ எரிப்பது என்றோ ஓர் எழுத்து இல்லை. அவள் அச்சகத்துக்குப் போய் வேறொன்று அடித்து வந்தாள்: 'கோழி எருவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம்'. கீழே புகைபோக்கியின் படம், புகையோடு.

"ஏம்மா, பொண்ணு பாக்க வாரவங்ககிட்ட மொதல்லயே சொத்தைப் பல்லைக் காட்டுவாங்களா?" என்றார் தனசேகர்.

"கட்டிக்கப் போறது அவங்கதானுங்க."

"நாளைக்கு ஊரு வேண்டாம்னுட்டா?"

"தெரிஞ்சு வேண்டாம்னு சொல்லட்டுங்க."

மறுநாள் சமுதாயக் கூடத்தில் அவள் சுருக்கமாகவே பேசினாள். புகை வரும். வடிகட்டி பெரும்பகுதியைப் பிடிக்கும், முழுக்கப் பிடிக்காது. பின்வரிசையில் மரவள்ளி பயிரிடும் சாலம்மாள் எழுந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, எருவெல்லாம் உங்க அடுப்புக்குப் போயிட்டா எங்க மரவள்ளிக்கு என்னத்தப் போடறது? உங்க பொகையையா?"

கூடம் சிரித்தது. சௌந்தர்யா சிரிக்கவில்லை.

"எரு வெலை ஏறுமுங்க. உங்களுக்குக் கஷ்டந்தான். அதுக்கு எங்ககிட்ட இன்னும் பதில் இல்லீங்க."

தனசேகர் எட்டி மைக்கைப் பொத்திப் பிடித்தார். "அடுத்த கேள்வி" என்றார். சாலம்மாள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரைச்சலில் முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

சௌந்தர்யா அவருடைய விரல்களை விலக்கி மைக்கை எடுத்தாள். மேடையிலிருந்து இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். பாதி தூரத்தில் வயர் விறைத்து நின்றது. அங்கேயே நின்று, எட்டியவரை கையை நீட்டி, மைக்கைச் சாலம்மாள் பக்கம் பிடித்தாள்.