கிசுகிசுத்த தலைச்சன்காரி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில், நாத்தனாரோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள் அந்த நிறைமாதக்காரி. சேலைக்கு மேல் புருஷனுடைய சட்டை. எதைச் சொன்னாலும் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள். நாத்தனாரோ குனிந்து, அந்த வயிற்றோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள்: "அம்மா இங்கதான் இருக்கேன், தங்கம்!"

வாய் சும்மா இருக்காத நான் உடனே வைத்தியனாகிவிட்டேன். "தொண்டைக்கட்டா தங்கச்சி? கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க."

"தொண்ட நல்லாத்தாங்க இருக்கு," என்று மூச்சாலேயே சொன்னாள். "புள்ளைக்குத் தல நின்னதும் குவைத்துக்கு வேலைக்குப் போறேன். என் கொரலு பழகிட்டா அது தேடி அழும்ல? அதான் இவங்கள பேசச் சொல்லியிருக்கேன்."

"தலைச்சன் புள்ளைங்க. இப்பவே பழக்கணும்," என்றாள் நாத்தனார்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் வளைவில் பிரேக் போட்டார்.

"ஐயோ, எம்புள்ள!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தியவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிரட்சியோடு என்னைப் பார்த்தாள். "அதுக்குக் கேட்டிருக்குமாங்க?"

"இந்தப் பஸ் சத்தத்துல எங்கம்மா கேக்கும்?" என்றேன், ஆறுதல் சொல்வதில் மகா கெட்டிக்காரன் போல.

அவள் அழத் தொடங்கினாள். அதையும் சத்தமில்லாமல்.